பச்சைக் காலர்

டார்க்கஸுக்கு மஞ்சள் என்றாலே வயிறு கலங்கும். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கலங்கும். ஸ்ட்ராண்ட் தெருவை ஒட்டிய சந்தில் டக்வெல் என்பவரின் படக்கடை இருந்தது. அதன் மாடியில் கேலிப்படங்களுக்கு வண்ணம் தீட்டும் பெண்கள் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், ஆளுக்கு ஒரு நிறம். ஒருத்தி முகத்துக்கு ரோஜா நிறம் பூசிப் பக்கத்தில் தள்ளுவாள். அடுத்தவள் கோட்டுக்குச் சிவப்பு, அதற்கடுத்தவள் வானத்துக்கு நீலம். டார்க்கஸின் நிறம் மஞ்சள். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினால்தான் கோடு மெல்லிசாக விழும். அந்த மஞ்சளோ எங்கோ கீழ்த்திசைக் காட்டு மரத்துப் பிசின், வைத்தியர்கள் பேதிக்குக் கொடுக்கிற சரக்கு. பிரபுக்களின் பொத்தான், பிஷப்பின் கைத்தடி, ராஜாவின் கிரீடம் எல்லாம் அவள் குடலைக் கலக்கிவிட்டுத்தான் கடை ஜன்னலுக்குப் போயின.

அவள் புருஷன் நாட், தேம்ஸ் நதியில் சரக்குப் படகு தள்ளினவன். பிரெஞ்சுக்காரனோடு யுத்தம் தொடங்கிய வருஷம், கப்பலுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் அவனை ஒரு பீர்க் கடை வாசலிலேயே மடக்கி இழுத்துக்கொண்டு போனார்கள். செத்தானா இருக்கிறானா என்று ஒருவரும் வந்து சொல்லவில்லை. அழுது பார்த்தாள், விசாரித்துப் பார்த்தாள், பிறகு அதற்கும் தெம்பில்லாமல் போய்விட்டது. எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்பாள். மழை வருகிறது என்றால் ஆகட்டும், ரொட்டி விலை ஏறிவிட்டது என்றால் ஆகட்டும். அவள் பிடிவாதம் பிடித்து யாரும் பார்த்ததில்லை.

டக்வெல்லின் ஜன்னலைப் பற்றி என்ன சொல்ல! விடிந்ததும் அதன் முன்னால் கூட்டம் கூடிவிடும். மீன்காரி, வக்கீல், பாதிரி, ஜேப்படிக்காரன் எல்லாரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு மந்திரிகளின் தொப்பையைப் பார்த்துச் சிரிப்பார்கள். மந்திரிகளும் ஆள் அனுப்பித் தங்கள் படத்தை வாங்கி வைத்துக்கொள்வார்கள். தங்களைப் போடவே இல்லையே என்று ஏங்குகிற பாராளுமன்ற உறுப்பினர்களும் உண்டு. ஆனால் எதை வேண்டுமானாலும் தாங்குவார்கள், கோழை என்று வரைந்தால் மட்டும் தாங்க மாட்டார்கள். பாராளுமன்றத்தில் ஒருவனை ஒருவன் பொய்யன் என்று சொல்லிவிட்டால், மறுநாளோ அதற்கு மறுநாளோ ஊருக்கு வெளியே ஒரு மைதானத்துக்குப் போய்த் துப்பாக்கியால் சுட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் இருவருக்கும் குறி தப்பும். கைகுலுக்கிவிட்டு ஆட்டுக்கறி வறுவலோடு பசியாறப் போய்விடுவார்கள். போகாமல் வீட்டில் இருந்துவிட்டவனுக்கு அதன்பிறகு ஊரில் முகம் கிடையாது. எங்கள் ஊரின் மானம் அப்படிப்பட்டது, அதை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு போதும்.

அந்த வசந்த காலத்தில் ஒரு கேப்டன் அப்படித்தான் மாட்டிக்கொண்டான். மாவட்டப் படையில் கேப்டன், பாராளுமன்றத்தில் உறுப்பினன். சபையில் எழுந்து ஒரு மந்திரியைத் திருடன் என்றான். மந்திரி மைதானத்துக்குக் கூப்பிட்டார். பையன் அன்றைக்கே கீல்வாதம் என்று சொல்லி பாத் நகரத்து வெந்நீர்க் குளத்துக்கு வண்டி ஏறிவிட்டான். டக்வெல்லுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. திங்கட்கிழமை காலையில் படம் ஜன்னலில் இருந்தாக வேண்டும் என்று குதித்தார்.

செப்புத் தகட்டில் வரைகிற ஆளோ அந்தக் கேப்டனின் முகத்தைப் பார்த்ததே இல்லை. பெயர் போட்டால் வழக்கு வரும். அதனால் அவன் ஓடுகிறவனை முதுகுப் பக்கமாக வரைந்தான். சிவப்புக் கோட்டின் வால் காற்றில் பறக்கிறது, கீழே ஒரு முயல் வால் எட்டிப் பார்க்கிறது, எதிரே 'பாத் நகருக்கு' என்று கைகாட்டி மரம். ஆளை அடையாளம் சொல்ல மிச்சமிருந்தது காலரும் மணிக்கட்டு மடிப்பும்தான். எங்கள் நாட்டில் சிப்பாய்க் கோட்டெல்லாம் சிவப்பு, காலர் நிறம் மட்டும் படைக்குப் படை மாறும். எந்த நிறம் எந்த மாவட்டம் என்று தெருவில் கோலி விளையாடும் பிள்ளைக்கும் தெரியும். இந்தக் காலர் மஞ்சள்.

மஞ்சள் தீர்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது டார்க்கஸ் ஒரு கட்டி வாங்கி வந்திருக்க வேண்டும். அன்றைக்கு வயிறு படுத்திய பாட்டில் நேரே அறைக்குப் போய்ப் படுத்துவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம், சாயக் கடை மூடிய பிறகு, கிண்ணத்தின் அடியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு டக்வெல்லிடம் போய்ச் சொன்னாள். அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரும்மா காலரப் பாக்கப்போறா? ஓடறவனுக்குப் பின்பக்கந்தான் அழகு. கையில இருக்கற பச்சையப் போட்டுத் தள்ளு."

"ஆகட்டும் முதலாளி."

பச்சையைப் போட்டாள். பச்சையும் நல்ல சரக்கு இல்லைதான், ஆனால் குடலை இப்படிப் பிடுங்காது. அன்று அவள் நிம்மதியாக ரொட்டியும் பாலாடைக் கட்டியும் தின்றுவிட்டுப் படுத்தாள்.

பச்சைக் காலர் மேற்கே ஒரு சின்ன மாவட்டத்துப் படைக்குச் சொந்தம். அந்தப் படையில் பாராளுமன்றத்துக்கு வந்தவர் ஒரே ஒருவர், கேப்டன் ஹார்லண்ட். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன், பெண்டாட்டியை இழந்தவர். போன குளிர்காலத்தில் சபையில் எதையோ தப்பாகச் சொல்லிவிட்டு, மறுநாள் தானே எழுந்து, நான் சொன்னது தப்பு, மன்னிக்க வேண்டும் என்றார். அது நல்ல காரியமாயிற்றே என்கிறீர்களா? எங்கள் ஊரில் அதற்குப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று பெயர். அப்போதே பல பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இப்போது ஜன்னலில் பச்சைக் காலர் ஓடியதும், ஆஹா நம்ம ஹார்லண்ட் என்று ஊரே பேசிக்கொண்டது. பாத் நகரத்தில் வெந்நீரில் உட்கார்ந்திருந்தவனை ஒருவரும் நினைக்கவில்லை.

புதன்கிழமை ஹார்லண்டே கடைக்கு வந்தார். கீழே பேச்சுக்குரல் கேட்டு டார்க்கஸ் மாடிப்படியில் பாதி இறங்கி நின்றாள். இது யார் படம் என்று அவர் கேட்டார். பெயரே இல்லையே ஐயா, தாங்கள் என்று யார் சொன்னது, தாங்கள் அப்படி எங்கேயாவது ஓடினீர்களா என்று டக்வெல் குழைந்து குழைந்து கேட்டார். ஹார்லண்டால் என்ன செய்ய முடியும்? கடைக்காரனை மைதானத்துக்குக் கூப்பிடக் கூடாது, கனவான் கனவானோடுதான் சுட்டுக்கொள்ள வேண்டும். சவுக்கால் அடித்தால் அதையும் படமாக வரைந்து ஜன்னலில் மாட்டுவார்கள். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அவர் போனதும் டக்வெல் கடையே அதிரச் சிரித்தார். முந்தின நாள் கிளப்பில் விருந்தாம். சர் மைல்ஸ் ஓக்டன் என்கிற ஒரு கர்னல் இந்தப் படத்தை மடித்து ஹார்லண்டின் தட்டில், கறித் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தாராம். மேசையே சிரித்ததாம். ஹார்லண்ட் எழுந்து அங்கேயே அவரை மைதானத்துக்குக் கூப்பிட்டாராம். வெள்ளிக்கிழமை விடியலில், சாக் ஃபார்ம் மைதானத்தில்.

நாம் ஒரு கட்டி மஞ்சள் வாங்காமல் போய்ப் படுத்ததற்கு ஒரு மனுஷன் துப்பாக்கிக்கு முன்னால் நிற்கப் போகிறானா? ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் டார்க்கஸ் தெருவில் ஓடினாள். சந்து முனையில் ஹார்லண்டைப் பிடித்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள்: மஞ்சள் தீர்ந்தது, முதலாளி பச்சையைப் போடச் சொன்னது, உண்மையான காலர் மஞ்சள் என்பது. அவர் கோபப்படுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று நின்றாள். அவர் அடிக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டார். அவளைவிட அவர் களைத்துப் போயிருந்தார்.

"சரிம்மா. இதப் போயி நா யார்ட்டச் சொல்ல? படக்கடப் பொம்பள பாவாடைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டான்னு அதையும் வரைவாங்க."

"சுட்டுப்புட்டாங்கன்னா ஐயா?"

"சுடறதப் பத்தி எனக்குப் பயமில்ல. அதுவும் ஒரு நிமிஷ வேல." அவர் கடைப் பக்கம் பார்த்தார். "எம் பொண்ணு நேத்து தாதி கூட இந்தப் பக்கமா வந்திருக்கா. எட்டு வயசு. கூட்டத்துல நின்னு, அது அப்பா கோட்டுன்னு கை காட்டியிருக்கா. எல்லாரும் சிரிச்சதும் அவளும் சேந்து சிரிச்சாளாம். வீட்டுக்கு வந்துதான் அழுதா."

அவர் அவளுக்குத் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்துவிட்டு நடந்தார். அவளுக்கு அதுவரை எந்தக் கனவானும் தொப்பியைத் தொட்டதில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போவதற்கு முன்னால் டார்க்கஸ் சர் மைல்ஸ் ஓக்டன் வீட்டுச் சமையல்கட்டுக் கதவைத் தட்டினாள். சமையல்காரி திட்டினாள், பட்லர் வெளியே போகச் சொன்னான். ஆகட்டும் என்று அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் அவளை மேலே விட்டார்கள். சர் மைல்ஸ் பட்டு அங்கி போட்டுக்கொண்டு, விக் வைக்காத மொட்டைத் தலையோடு, முட்டையை உடைத்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பொல்லாத மனுஷனாகத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியும். அது ஹார்லண்ட் இல்ல."

"தெரிஞ்சுமா ஐயா?"

"மேசைல வச்சுச் சொல்லியாச்சு. இப்போ இல்லன்னு சொன்னா, அடுத்த படத்துல ஓடறது நானு." முட்டைக்கு உப்புப் போட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "பயப்படாத. நாளைக்கு நா வானத்தப் பாத்துச் சுடுவேன். காக்கா செத்தா உண்டு. ஹார்லண்டும் மனுஷரச் சுடற ஆளில்ல. அப்புறம் ரெண்டு பேரும் கைகுலுக்கிட்டுச் சாப்பிடப் போவோம். வெளிய சொல்லிடாத, என் மானம் போயிடும்."

டார்க்கஸ் அவர் கையை முத்தமிட்டுவிட்டு வந்தாள். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. ஒருவரும் சாகப்போவதில்லை. நடக்க நடக்க அந்தப் பெண் குழந்தையின் நினைவு வந்தது. கூட்டத்தில் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டில் போய் அழுத பிள்ளை. உயிர் பிழைத்தால் மட்டும் போதுமா, அந்த ஜன்னலில் அப்பன் ஓடிக்கொண்டேதானே இருப்பான்? வழியில் சாயக் கடைக்குள் நுழைந்து ஒரு கட்டி மஞ்சள் வாங்கினாள்.

அன்று முழுக்க வண்ணம் தீட்டாத படங்களை எடுத்து வைத்துக்கொண்டு காலருக்கு மஞ்சள் தீட்டினாள். பக்கத்தில் சிவப்புத் தீட்டுகிற லெட்டி என்ற பெண், முதலாளி கேட்டாரா அக்கா என்றாள். நான்தான் கேட்டேன் என்றாள் டார்க்கஸ். லெட்டி அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறு முறுக்கி முறுக்கி வலித்தது, இரண்டு முறை கொல்லைப்புறம் ஓடிவிட்டு வந்தாள். தூரிகையை உதட்டில் வைப்பதை நிறுத்தவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் டக்வெல் பீர் குடிக்கப் போனார். டார்க்கஸ் கீழே இறங்கி, ஜன்னலில் இருந்த பச்சைப் படங்களையெல்லாம் கழற்றி அடுப்பில் போட்டுவிட்டு மஞ்சளை மாட்டினாள். வெளியே நின்றவர்கள் காலரைப் பார்த்து ஒருவரையொருவர் இடித்துக் காட்டினார்கள். பிறகு, முன்பு சிரித்ததைவிடப் பெரிதாகச் சிரித்தார்கள். நாட் போனதற்குப் பிறகு அவளுக்கு அன்றைக்குத்தான் மனசு நிறைந்திருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை சந்துக்குள் நுழையவே முடியாத கூட்டம். டக்வெல் திட்டுவார் என்று பயந்துகொண்டே போனாள். அவரோ வாசலிலேயே அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எப்படிம்மா உனக்கு இது தோணிச்சு? நானே யோசிக்கலையே!"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. டக்வெல் சிரித்துச் சிரித்து எடுத்துச் சொன்னார். மஞ்சள் காலர் யாருடைய படை தெரியுமா? சர் மைல்ஸ் ஓக்டனின் படை. பாத் நகருக்கு ஓடிப்போனவன் அவருடைய கேப்டன், அவர் அக்காள் மகன். படத்தில் தவறிப்போய்ப் பச்சை விழுந்ததைப் பார்த்ததும், தப்பித்தோம் என்று பழியை ஹார்லண்டின் தட்டில் எடுத்து வைத்துவிட்டார். நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு அவர் கிளப்புக்குப் போனபோது, போகிற வழியில் இந்த ஜன்னல். உள்ளே போனால் எல்லாரும் தலைக்கு மேல் இரண்டு விரலை வைத்து முயல் காதாக ஆட்டினார்களாம். ஹார்லண்ட்தான் காசு கொடுத்து இப்படி மாட்டச் சொன்னான், இருக்கட்டும், காலையில் பார்க்கிறேன் என்று கர்ஜித்துவிட்டுப் போனாராம்.

அவள் அவரைப் பட்டு அங்கியில்தான் பார்த்தாள். கோட்டோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யார் எந்தப் படை என்று இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. மஞ்சள் என்றால் மஞ்சள், பூசிவிட்டுப் பக்கத்தில் தள்ளுவாள்.

"காலைல என்ன ஆச்சு முதலாளி?"

சாக் ஃபார்ம் பீர்க் கடையில் டக்வெல்லுக்கு எப்போதும் ஒரு ஆள் உண்டு. அவன் வண்டி பிடித்து வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். சண்டைக்கு உடன் வந்த மருத்துவர் வழக்கப்படி மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார், நாளைக்குக் கோர்ட்டில் நான் ஒன்றும் பார்க்கவில்லை என்று சத்தியம் பண்ணலாமே. சுடுவதற்கு அடையாளமாகக் கைக்குட்டையைக் கீழே போட்டார்கள். ஹார்லண்ட் வானத்தைப் பார்த்துச் சுட்டார். சர் மைல்ஸ் நிதானமாகக் கையை நீட்டி, குறி பார்த்து, நெஞ்சுக்குக் கீழே சுட்டார். ஹார்லண்டை ஒரு கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். பீர்க் கடை மேசையிலேயே உயிர் போய்விட்டது.

டார்க்கஸ் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். சர் மைல்ஸ் சும்மா வானத்தைத்தான் சுட்டிருப்பார், வாக்குக் கொடுத்தார், நான்தான் கெடுத்தேன், நான்தான் கொன்னேன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். லெட்டி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கீழே கடையில் படம் வாங்க வந்தவர்கள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள்.

சர் மைல்ஸ்மீது வழக்குப் போட்டார்கள், ஆனால் ஜூரிகளும் கனவான்கள்தானே, ஒன்றும் ஆகவில்லை. அதெல்லாம் பிறகு. சனிக்கிழமையே புதுப் படம் மேசைக்கு வந்துவிட்டது. சாக் ஃபார்ம் மைதானம், ஒருவர் நிற்கிறார், ஒருவர் கிடக்கிறார், மருத்துவர் மரத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார். வரைகிறவன் இந்தத் தடவை ஹார்லண்டின் முகத்தை நன்றாக விசாரித்து வரைந்திருந்தான். ரோஜாக்காரி முகத்துக்கு வெளுப்பு வைத்தாள், லெட்டி இரண்டு கோட்டுக்கும் சிவப்புப் பூசி, தலையைத் தூக்காமல் டார்க்கஸிடம் தள்ளினாள். டக்வெல் பின்னால் வந்து நின்றார்.

"இந்தத் தடவ காலர்ல தப்பு வரக் கூடாது. நிக்கறவருக்கு மஞ்சள். கிடக்கறவருக்குப் பச்சதான, நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும் முதலாளி. அவர் பொண்ணு பாத்தா அடையாளம் கண்டுக்கும்."

பச்சைக் கிண்ணத்தை இழுத்து, தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டு, படுத்துக் கிடந்தவரின் காலரை முதலில் தீட்டினாள்.